சொல்லாமல் போகப் பழக்கியது

ஒரு நாயை ஒப்படைக்க ஒரு வீட்டுக்குப் போகும்போது, அதற்கு எங்கே படுக்கை போட்டிருக்கிறார்கள், தோட்டத்து வேலி எவ்வளவு உயரம் என்றெல்லாம் பார்ப்பீர்கள். பாருங்கள். அதோடு இன்னொன்றையும் பாருங்கள். அந்த வீட்டுக்காரர் தன் வீட்டை விட்டு எப்படி வெளிக்கிட்டுப் போகிறார் என்று ஒருநாள் நின்று பாருங்கள். நான் பார்த்தேன். பார்த்தும் பிழையாக விளங்கிக்கொண்டேன்.

என் மகளும் அவளுடைய கூட்டாளிகளுமாக நீங்கள் கொஞ்சப் பேர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். பந்தயத்தில் ஓடி முடித்த கிரேஹவுண்ட் நாய்களை எடுத்து, வீட்டில் வாழப் பழக்கி, நல்ல ஆட்களிடம் கொடுப்பது. முழங்கால் இடம் கொடுக்காமல் போகும் வரை நான் செய்ததும் இதே வேலைதான். பிரான்சில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தபோது, நாய்க்கூடு கூட்டித் துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். விம்பிள்டன் கோவிலில் என்னைக் காணும் சொந்தக்காரர் ஒருவர், "அண்ணை, இன்னும் நாயோடை தானோ?" என்று கேட்பார். "ஓம் தம்பி, மனுசரோடை ஏலாமல்தான்" என்று சொல்வேன். அது பகிடி. ஆனால் இந்த வேலையில் பாதி மனுசரோடுதான் என்பதை நான் விளங்கிக்கொள்ளக் கனகாலம் எடுத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சனிக்கிழமைப் பள்ளியில் நீங்கள் படித்த தமிழே இதை வாசிக்கக் காணும், அதற்கு மேல் தேவையில்லை.

இந்த நாய்களுக்குப் படிக்கட்டு தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது, தொலைக்காட்சியில் வருகிற குதிரை உண்மையில்லை என்று தெரியாது. இதெல்லாம் முதல் கிழமையிலேயே நீங்கள் கண்டிருப்பீர்கள். படிக்கட்டில் நாலு காலையும் அகட்டி நின்று அழுகிற நாயை, பிட்டத்தில் கைகொடுத்து ஏற்றியிருப்பீர்கள். அவை எல்லாம் ஏறிவிடும். கஷ்டமானது தனிமை. பிறந்த நாள் தொட்டு இவை தனியாகப் படுத்ததில்லை. கூட்டில் எப்போதும் பக்கத்தில் இன்னொரு நாயின் மூச்சுச் சத்தம் கேட்டபடி இருக்கும். அப்படி வளர்ந்ததை ஒரு வீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனால் அதற்கு உலகமே முடிந்த மாதிரி.

நெல் அப்படி ஒரு நாய். உடம்பெல்லாம் புலி வரி. காதுக்குள் பச்சை குத்திய எழுத்து. பந்தயத்தில் நீளமாக ஏதோ பெயர், கூட்டில் கூப்பிடுகிற பெயர் நெல், வெள்ளைக்காரப் பெண்களுக்கு வைக்கிற பெயர். பெரிதாக ஒன்றும் வென்றதில்லை. ஆட்களின் தொடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை.

அதை எடுக்க வந்தவர் மங்கை அக்கா. மோர்டனில் ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருந்தார். அறுபது தாண்டியிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் மத்தியான வேலை. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஒரே மகள் ரொறன்ரோவில். தமிழ் ஆட்கள் எங்களிடம் நாய் எடுக்க வருவது குறைவு. அதனால் அவரைக் கண்டதும் எனக்குப் பெரிய சந்தோசம்.

"இதுக்கு என்ன பேர் தம்பி?"

"நெல் அக்கா."

"நெல்லோ? நல்ல பேர். வீட்டிலை கிடக்கலாம். சோறு குடுக்கலாமோ?"

"குடுக்கலாம். உள்ளிப்பூடு, வெங்காயம், கறித்தூள் சேர்ந்தது ஒண்டும் வேண்டாம்."

"பிறகு நான் சமைக்கிறதிலை மிச்சம் என்ன கிடக்கு, சட்டியோ?"

ஒப்படைத்த அடுத்த நாள் காலையிலேயே தொலைபேசி அடித்தது. "தம்பி, இது கண்ணைத் திறந்தபடி கிடக்கு. கூப்பிட்டாலும் அசையுதில்லை. செத்துப்போச்சோ?" இந்த நாய்கள் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்ளும் என்று சொன்னேன். "அப்ப நான் சாமான் வாங்கின பில்லைப் பாத்துக்கொண்டு அவர் நித்திரை கொண்ட மாதிரித்தான்" என்றார். அவர் கணவரைப் பற்றிச் சொன்ன முதல் பேச்சு அது. நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு கிழமையில் பிரச்சினை வந்தது. அக்கா வேலைக்குப் போனதும் நெல் ஊளையிடத் தொடங்கும். அவர் திரும்பி வரும் வரைக்கும் நிறுத்தாது. மேல்வீட்டில் இரவு பஸ் ஓட்டுகிற ஒரு கானா நாட்டுக்காரர் இருந்தார். அவருக்குப் பகல்தான் இரவு. நல்ல மனிதர். முதல் கிழமை பொறுத்தார். பிறகு கீழே வந்து, "எனக்கும் நாய் பிடிக்கும், ஆனால் நித்திரை கொள்ளாமல் பஸ் ஓட்ட முடியாதே" என்று சொல்லியிருக்கிறார். அது நியாயம். கடைசியில் வீட்டு ஏஜென்ட் வந்து, ஈஸ்டர் விடுமுறைக்கு முன் நாயின் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று நாய் போக வேண்டும் அல்லது அக்கா போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போனேன். அவர் வேலைக்கு வெளிக்கிடுவதை ஒரு மூலையில் நின்று பார்த்தேன்.

முதலில் சாமிப் படத்தடியில் நின்று கும்பிட்டார். பிறகு கணவருடைய படத்தைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றார். பிறகு குனிந்து, நெல்லின் நீளமான முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "போட்டு வாறன், என்ன? அம்மா போட்டு வாறன்" என்றார். காலுக்குச் சப்பாத்தைப் போட்டார். கதவைத் திறந்தார். திரும்பி, இன்னொரு முறையும் சொன்னார். முதல் சொல்லிலேயே நெல்லின் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. இரண்டாம் முறை வாயால் மூச்சு வாங்கியது. கதவு சாத்தியதும் ஊளை.

எனக்குக் காரணம் அந்த இடத்திலேயே வெளிச்சமாகிவிட்டது. எங்கள் கெனலை, நாய்களை வைத்துப் பராமரிக்கிற இடத்தை, நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவரே அவர்தான். அவருடைய முதல் விதி: நாயை விட்டுப் போகும்போது விடைபெறாதே, கழிவறைக்குப் போகிறவன் மாதிரி எழும்பிப் போ. விடைபெறுவதை நாய் பிடித்துக்கொள்ளும், அது தொடங்கியதுமே பயமும் தொடங்கும். எத்தனையோ வீடுகளில் இந்த விதி வேலை செய்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அக்கா அன்று வேலைக்கு லீவு சொல்லியிருந்தார், எனக்குக் காட்டத்தான் வெளிக்கிட்டார். உடனே உள்ளே திரும்பி வந்தார். தேநீர் ஊற்றித் தந்தார். நான் சொன்னேன்.

"அக்கா, போட்டு வாறன் எண்டு சொல்லுறதை நிப்பாட்ட வேணும்."

"என்னத்தை?"

"ஒண்டும் சொல்லாமல் பேசாமல் போங்கோ. படத்துக்கும் சத்தமாய்ச் சொல்லாதேங்கோ, நாய்க்குக் கேக்கும். மனசுக்குள்ளை சொல்லுங்கோ."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லாமல் எழும்பிப் போறது செத்தவீட்டிலை தம்பி. வீட்டிலை இருந்து ஆரும் அப்பிடிப் போவினமோ?"

பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கும். எங்கள் ஆட்கள் எங்கே புறப்பட்டாலும் 'போகிறேன்' என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்து, போய்விட்டு வருகிறேன், 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார்கள். ஒரு சாவு வீட்டில் இருந்து புறப்படும்போது மட்டும் அதைச் சொல்லக் கூடாது. அங்கே திரும்பி வர நேரக் கூடாது என்று, யாரிடமும் சொல்லாமல் எழும்பிப் போவது வழக்கம். எனக்கும் இது தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் விடுமுறைக்கு அதிக நாள் இல்லை. ஏஜென்ட் சொல்லிவிட்டார். மேல்வீட்டுக்காரர் பகலில் பூங்காவில் காரை நிறுத்தி அதற்குள் நித்திரை கொள்கிறார். வீடு தேடி அலைய அக்காவுக்கு வயதும் இல்லை, வசதியும் இல்லை. அவசரம் வந்தால் எனக்குத் தெரிந்த வழியைத்தான் என் கை பிடிக்கும்.

"அக்கா, நாய்க்கு உந்தச் சடங்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்கு நாயும் வீடும் வேணுமோ, உந்தச் சொல்லு வேணுமோ?"

அவர் கோப்பையைக் கழுவப் போனார். குழாயை மூடிவிட்டுத் திரும்பி, "சரி தம்பி" என்றார்.

பழக்கம் தொடங்கியது. நெல்லுக்குப் பயம் அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. குளிருக்குப் போடுகிற கோட்டைக் கண்டாலும் பயம், சப்பாத்தைக் கண்டாலும் பயம். அதனால் அக்கா கோட்டையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன். கோட்டோடு சோறு காய்ச்சினார். கோட்டோடு நாடகம் பார்த்தார். கோட்டுப் போட்டால் ஆள் போய்விடும் என்று நாய் நினைத்திருந்ததை, கோட்டுப் போட்டாலும் ஒன்றும் நடக்காது என்று மாற்ற வேண்டும். உங்களுக்கும் இதைச் சொல்லித் தந்திருப்பார்கள்.

"மகள் வீடியோ கோலிலை கேக்கிறாள், அம்மா ஏன் கோட்டோடை இருக்கிறியள், ஹீற்றர் வேலை செய்யேல்லையோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"நாய்க்கு ட்ரெயினிங் எண்டன். நாய்க்கோ உங்களுக்கோ எண்டாள்."

கோட்டுப் பயம் போனது. சப்பாத்துப் பயமும் போனது. பிறகு சொல்லாமல் வெளியே போகும் பழக்கம். முதலில் கதவுக்கு வெளியே ஒரு மூச்சு விடும் நேரம், பிறகு தெருமுனை வரை, பிறகு கடை வரை. நாங்கள் இரண்டு பேரும் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் கள்ளர் மாதிரிக் குந்தியிருந்து காது கொடுத்தோம். ஒருநாள் கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நெல் சோபாவில் நாலு காலும் மேலே கிடக்க நித்திரை.

எனக்கு வந்த சந்தோசத்தில் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் சிரித்தார்தான். ஆனால் அவர் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும், கதவுப் பிடியில் கையை வைத்தபடி ஒரு கணம் நிற்பார். உதடு அசையும், சத்தம் வராது. அதை நான் ஒவ்வொரு தடவையும் கண்டேன். பழக்கதோசம், போகப் போகப் போய்விடும் என்று நினைத்தேன்.

விடுமுறைக்கு முன்பே வீடு அமைதியாகிவிட்டது. மேல்வீட்டுக்காரர் நெல்லுக்கு ஒரு பொம்மை முயல் வாங்கிக் கொடுத்தார். ஏஜென்ட் பிறகு வரவில்லை. எங்கள் கெனல் அம்மா மற்ற ஆட்களுக்கு முன்னால் என்னைப் பாராட்டினார். நான் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அக்கா, "எல்லாம் நல்லம் தம்பி, ஒரு குறையும் இல்லை" என்றார். எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் இன்னொரு தடவை கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

வெயில் காலம் தொடங்கியபோது அவரே தொலைபேசி எடுத்தார். நெல்லைத் திருப்பித் தர வேண்டும் என்றார்.

நாய் ஏற்றுகிற வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தானும் கூட வருவேன் என்று ஏறிக்கொண்டார். பின்னால் நெல், முன்னால் நாங்கள் இருவரும். ட்ராம் பாதை தாண்டியதும் நான் கேட்டேன்.

"சுகமில்லையோ அக்கா?"

"சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை."

"மேல்வீட்டுக்காரர் ஏதும்?"

"அந்தாள் பாவம். முயல் எல்லோ வாங்கித் தந்தது."

"நெல் இப்ப கத்துறதில்லைத் தானே. பிறகு என்ன?"

"அதுதான் தம்பி." அவர் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினார். "அவர் இருக்கேக்கை நான் கதவடியிலை நிண்டு போட்டு வாறன் எண்டால், பேப்பருக்குப் பின்னாலை இருந்து ம் எண்டுவார். அவ்வளவுதான். திரும்பியும் பாக்கார். அவர் போனாப் பிறகு ஆருக்குச் சொல்லுறது? அதுக்குத்தான் நான் நாய் எடுத்தனான்."

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன்.

"இப்ப வீட்டிலை ஒரு சீவன் இருக்கு. நான் அதுக்குச் சொல்லக் கூடாது. நாளும் பொழுதும் செத்தவீட்டிலை இருந்து எழும்பிப் போற மாதிரிப் போறன். என்ரை வீட்டிலை இருந்து. வேலையிலை நிண்டாலும் நெஞ்சு இடிக்குது."

"படத்துக்குச் சொல்லலாம் தானே அக்கா? மனசுக்குள்ளை?"

"படம் தலையைத் தூக்கிப் பாக்குமோ தம்பி?"

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், வேறு வழி தேடலாம் என்று சொன்னேன். என்ன வழி என்று கேட்டார். அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னால் ஊளை திரும்பி வரும், வீடு போகும். சொல்லாவிட்டால் இவரால் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். "நீங்கள் சொன்னது பிழையில்லை. எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பதில் எனக்கு வந்தது அந்த வருடக் கடைசியில். அப்போது நெல் எப்சம் பக்கத்தில் ஒரு வயதான தம்பதியிடம் போய்விட்டது. இரண்டு பேரும் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறவர்கள். நான் வேறொரு நாயைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அதற்குச் சாவிச் சத்தம் ஆகாது. அதனால் நான் சாவியை எடுத்துக் கிலுக்கிவிட்டுக் கதிரையில் உட்காருவேன். கிலுக்கிவிட்டுத் தேநீர் போடுவேன். கிலுக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் திரும்பி வருவேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் மங்கை அக்கா கோட்டோடு நாடகம் பார்த்தது நினைவுக்கு வந்தது.

கோட்டுக்குச் செய்ததைச் சொல்லுக்கும் செய்திருக்கலாம். 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய் வந்திருக்கலாம். சொல்லிவிட்டுக் குளியலறைக்கு, சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு. எத்தனை தரம் என்றாலும் அவர் சலிக்காமல் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நெல், சொன்ன ஆள் திரும்பி வருவதைக் கண்டிருக்கும். கோட்டை அவரிடம் இருந்து பறிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் குளிருக்குக் கோட்டு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லும் அவருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தேவையில்லாதது என்று நினைத்ததால் அதைப் பழக்கப் பார்க்காமல் நிறுத்தப் பார்த்தேன். கெனல் அம்மாவின் விதியில் பிழை இல்லை. அது அவருடைய ஆட்களின் வாசலில் நின்று எழுதிய விதி. எங்கள் வாசலுக்கு அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்க வேண்டியது நான். அந்தக் கெனலில் அது தெரியக்கூடிய ஒரே ஆளும் நான்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதை அப்பவே சொல்லியிருந்தால் நான் அலுமாரிக்கும் அடுப்புக்கும் போட்டு வாறன் எண்டு திரிஞ்சிருப்பன்."

"இன்னொரு நாய் கொண்டு வரட்டோ அக்கா?"

"வேண்டாம் தம்பி. நெல்லு எப்பிடி?"

"நல்லாய் இருக்கு. கொஞ்சம் கொழுத்தும் போச்சு."

"அது காணும்" என்றார். தேநீர் குடித்து முடித்து எழும்பினேன். "போட்டு வாறன் அக்கா" என்றேன். "ஓம், போட்டு வாங்கோ" என்று கதவடி வரைக்கும் வந்து நின்றார்.

பிள்ளைகளே, நாயை எப்படிப் பழக்குவது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவரிடம் ஒரு பழக்கத்தை நிறுத்தச் சொல்ல முன், அது அவருக்கு எதற்கு என்று கேளுங்கள். நேரம் இல்லாதபோதும் கேளுங்கள். அப்படியான நேரத்தில்தான் கேட்காமல் விடுவோம்.

நெல்லைத் திருப்பிக் கொண்டுபோன அந்த நாளின் கடைசிப் பகுதியை இன்னும் சொல்லவில்லை. கெனலில், நாய்களை வீட்டுக்குப் பழக்குகிற அறை உங்களுக்குத் தெரியும். சோபா, கம்பளம், ஒரு பழைய தொலைக்காட்சி. அங்கே அக்காவும் நெல்லும் பக்கத்தில் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பொம்மை முயலை அக்கா பையில் இருந்து எடுத்து அதன் முன்னங்காலடியில் வைத்தார். பிறகு எழும்பினார். முகத்தைப் பிடிக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. நான் பழக்கிய மாதிரியே, கழிவறைக்குப் போகிறவர் மாதிரி, கதவைத் திறந்து வெளியே போனார். கதவடியில் இந்தத் தடவை நிற்கவும் இல்லை, உதடும் அசையவில்லை.

நெல் ஒரு காதை நிமிர்த்தியது. பிறகு முயலின்மேல் தலையை வைத்து, கண்ணைத் திறந்தபடியே நித்திரையானது. பின்னேரம் சாப்பாட்டு நேரம் வரை அசையவில்லை. அதற்குப் பிறகு எழும்பிப் போய்க் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாப்பிடவில்லை. ஆனால் ஊளையிடவும் இல்லை. சொல்லாமல் போகிறவர் திரும்பி வருவார் என்று அதற்குப் பழக்கியவன் நான்.